பொன்னாடை போதும், பழைய பேப்பரைத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நடந்து முடிந்த ஒரு தொழில்நுட்ப ஆய்வு மாநாடு. நாலு படம், நாலிலும் பொன்னாடை. அங்கே யார் எந்தக் கட்டுரை வாசித்தார்கள், என்ன சொன்னார்கள் என்று மேலும் கீழும் தேடினேன், ஒரு வரி இல்லை. அந்த மாநாட்டுக்குப் பதாகையும் போஸ்ரர்களும் அடித்துக் கொடுத்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும், அதில் இரண்டு நல்ல கட்டுரைகள் இருந்தன. ஒன்று தமிழில் தேடுவது பற்றியது. வாசிக்க அந்தப் பெடியனுக்குக் கிடைத்தது ஏழு நிமிடம், பிரதம விருந்தினர் பேசியது ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, வெட்டினால் கோபிக்க மாட்டேன்.

நான் ஆய்வாளன் இல்லை. திருநெல்வேலியில் கம்பஸுக்குக் கிட்ட ரைப்செற்றிங், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன், 26 வருடமாக. கறுப்பு றெக்சின் அட்டை போட்டுத் தங்க எழுத்து அடித்து நான் கட்டிக் கொடுத்த ஆய்வேடுகளை அடுக்கினால் கடைக் கூரையைத் தொடும். கட்டும்போது வாசிக்கிற பழக்கம் ஒன்று உண்டு, அது மாறாத வருத்தம். அதற்கு மேல், என் தம்பியின் மகள், எனக்குப் பெறாமகள், தகவல் மீட்டல் என்ற துறையில் ஆய்வு செய்கிறாள். மீட்பது என்றால் எங்கள் சனத்துக்கு வங்கியில் ஈடு வைத்த நகைதான் ஞாபகம் வரும். இதுவும் கிட்டத்தட்ட அதுதான், உள்ளே போன சாமானை வேண்டிய நேரத்தில் வெளியே எடுப்பது. மலை போலக் குவிந்து கிடக்கிற எழுத்துக்குள்ளே நீங்கள் கேட்டதற்குப் பொருந்துவதை எடுத்து, மிக நன்றாகப் பொருந்துவதை முதலில் வைத்துத் தருவது எப்படி என்கிற ஆய்வு. கைபேசியில் ஒரு சொல்லை அடித்துத் தேடுகிறீர்களே, அதற்குப் பின்னால் ஓடுகிற வேலை இந்தத் துறையில் பிறந்ததுதான்.

முதல் வருடம் அவள் 'சிக் ஐஆர்', 'சிக் ஐஆர்' என்று ஒரு மாநாட்டைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாள். தாளில் பார்த்தபோது நான் சிகிர் என்று வாசித்து, "என்ன பிள்ளை, சீகிரியாவிலயா மாநாடு, பஸ்ஸிலயே போயிட்டு வரலாமே" என்று கேட்டுவிட்டேன். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது ஏசிஎம் என்ற அமெரிக்கக் கணினி அமைப்பின் தகவல் மீட்டல் குழு நடத்துகிற மாநாடு. 1978இலிருந்து ஒவ்வொரு வருடமும் நடக்கிறது, 2023இல் தாய்பேயில் நடந்தது, 2024இல் வாஷிங்டனில், 2025இல் இத்தாலியின் பாதுவாவில். முழுக் கட்டுரை ஐந்து அனுப்பினால் ஒன்று எடுபடுகிற அளவுக்கு இறுக்கமான இடம். எடுபட்ட பிறகு எங்கள் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு விசாவுக்கு அலைவது தனிக்கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கோண்டாவில் பக்கமிருந்து ஒரு அன்ரி கடைக்கு வந்தார். அவருடைய தமையன் 1992இல் செத்தவர். காணிப் பங்கு ஒன்றுக்காக, மரண அறிவித்தல் வந்த பேப்பரின் பிரதி கிடைத்தால் உதவியாக இருக்கும் என்று சட்டத்தரணி சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தக் காலத்துப் பேப்பர்களை ஸ்கான் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி வந்திருந்தார். இருக்கத்தான் இருந்தது. பெயரை அடித்துத் தேடினேன், இல்லை. தலைப்பெழுத்தை எடுத்துவிட்டுத் தேடினேன், சாமியைச் சுவாமியாக்கித் தேடினேன், ஊரைச் சேர்த்துத் தேடினேன், இல்லை. வரவே வராது என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது, ஏனென்றால் அங்கே கிடந்தது எழுத்தல்ல, எழுத்தின் படம். பொருளாதாரத் தடைக் காலம், தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளிலே பேப்பர் அச்சடித்தார்கள், உங்கள் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற மென்பொருளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தேன். அது கொப்பிக் கோட்டையும் எழுத்தோடு சேர்த்து வாசித்து, தும்பிக்கை வைத்த பழைய லையையும் னையையும் கண்டு தடுமாறி, வாயில் நுழையாத சொற்களாகக் கக்கியது.

மூன்று பின்னேரம் போனது. கடைசியில் அன்ரிதான் வழி சொன்னார். "தம்பி, அவர் நல்லூர்த் தேர் முடிஞ்சு மூண்டாம் நாள் போனவர், எட்டுச் செலவுக்கு முதலே பேப்பரில போட்டிட்டம்." நல்லூர்த் தேர் ஆவணி அமாவாசையை ஒட்டி வருவது. அந்த வருடத்து அமாவாசை எப்போது என்று பார்த்து, அதிலிருந்து நாலைந்து நாள் பேப்பரைப் புரட்டினோம். பத்து நிமிடத்தில் கிடைத்தது. பெயர் அவர் சொன்ன மாதிரி இல்லை, அச்சுக் கோர்த்தவர் ஒரு எழுத்தை விழுங்கியிருந்தார். தேடுபொறி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அன்ரியைப் பார்த்து நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. கடை தொடங்கிய நாளிலிருந்து பாமினி எழுத்துருவில்தான் அடித்தேன், வடக்கில் பாதிப்பேர் இன்றைக்கும் அதில்தான் அடிக்கிறார்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் வடிவாகத் தமிழ் என்றுதான் தெரியும். உள்ளே கொம்பியூட்டர் எழுதி வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகள், கடைசியில் குற்றுக்குப் பதிலாக ஒரு அரைப்புள்ளி. பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அந்தப் பைலைத் திறந்து பாருங்கள், அதுதான் மிஞ்சும். பிறகு உலகத்தின் எந்தத் தேடுபொறியில் 'தமிழ்' என்று அடித்தாலும் அந்தப் பக்கம் எப்படி வரும்? நான் அடித்துக் கொடுத்த கல்வெட்டுகள் (செத்தவர் நினைவாக அந்தியேட்டிக்கு அடிக்கிற புத்தகங்கள்), கோவில் மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், கலைப்பீடத்து ஆய்வேடுகள் எல்லாம் இப்படித்தான் ஜேயும் கேயுமாக எங்கேயோ கிடக்கின்றன. ஒரு ஊரின் முழு வரலாறு கல்வெட்டுக்குள்ளேதான் இருக்கிறது என்று சொல்லுகிற பேராசிரியர்களும் தங்கள் கட்டுரையைப் பாமினியில்தான் கொண்டுவந்து தருவார்கள்.

எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யுனிகோட் குறிமுறையில் அடித்தால் எல்லாம் தீர்ந்தது என்றுதான் நானும் இருந்தேன். 'கொ' என்று ஒரு எழுத்து இருக்கிறதல்லவா, அதன் கொம்பையும் அரவையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், தனித்தனி இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒரே எழுத்து, கொம்பியூட்டருக்கு இரண்டு வேறு எழுத்து. 'ஸ்ரீ' இன்னும் மோசம். ஸகரத்தில் தொடங்கி அடிப்பது ஒன்று, 2005இல் யுனிகோட்டில் சேர்த்த ஶகரத்தில் தொடங்கி அடிப்பது மற்றொன்று. நாட்டின் பெயரையே இரண்டு விதமாகச் சேமித்துவைத்துவிட்டு ஒன்றைத் தேடினால் மற்றது வரவில்லை என்று குறைப்படுகிறோம்.

அதற்குப் பிறகு மொழி. யாழ்ப்பாணம் என்று தேடுகிறவனுக்கு யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்துக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து, யாழ்ப்பாணத்தவர் எல்லாம் வரவேண்டும். அதில் கடைசி 'ம்' காணாமற்போய் நடுவில் 'த்து' வந்து உட்கார்ந்துவிடுகிறது. கிணறு கிணற்றில் என்று உருமாறும். இதை வெட்டிச் சரிப்படுத்தப் போனால் வெட்டக்கூடாத சொல்லும் வெட்டுப்படும். போதாததற்கு, நாங்கள் ஒஸ்ரேலியா என்றால் இந்தியாவில் ஆஸ்திரேலியா, நாங்கள் ரொறன்ரோ என்றால் அவர்கள் டொராண்டோ, நாங்கள் வைத்தியசாலை என்றால் அவர்கள் மருத்துவமனை, எங்கள் வீட்டுக் கிழவி ஆசுப்பத்திரி. கச்சான் என்று தேடினால் கடலையும் வரலாம், காற்றும் வரலாம். மட்டக்களப்பில் வயல் செய்கிற ஒருவருக்கும் நல்லூர் வீதியில் கச்சான் விற்கிற ஒருவருக்கும் வேண்டியது ஒன்றல்ல.

இதையெல்லாம் செய்யத் தமிழில் ஆட்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். சொல்லின் வேரைப் பிரிக்கிற நிரல் என்று ஆளுக்கு ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள், நான் பைண்ட் செய்த ஆய்வேடுகளிலேயே சில உண்டு. எது நல்லது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அளப்பதற்குப் பொதுவான முழக்கோல் இல்லை. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே அந்த முழக்கோலைப் பற்றித்தான்.

இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்று பெறாமகளிடம் கேட்டபோது பெரிய பெரிய இயந்திரங்களைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று இருந்தேன். அவள் சொன்னது ஒரு நூலகரின் கதை. இங்கிலாந்தில் கிரான்ஃபீல்ட் என்ற இடத்தில் விமானவியல் கல்லூரியின் நூலகராக இருந்தவர் சிரில் கிளெவர்டன். அந்தக் காலத்தில் நூல்களையும் கட்டுரைகளையும் எந்த முறையில் வகைப்படுத்தினால் தேடுவது சுலபம் என்று நூலகர்களுக்குள்ளே பெரிய சண்டை, ஒவ்வொருவரும் தன் முறைதான் திறம் என்றார்கள். கிளெவர்டன் வாதாடிக்கொண்டிருக்காமல் 1960களில் ஒரு காரியம் செய்தார். விமானவியல் கட்டுரைகள் 1,400 எடுத்தார். கட்டுரை எழுதியவர்களுக்கே கடிதம் போட்டு, என்ன கேள்விக்கு விடை தேடி இதை எழுதினீர்கள் என்று கேட்டு வாங்கினார். அப்படிச் சேர்ந்ததில் 225 கேள்விகளை வைத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரை பொருந்தும் என்று மாணவர்களை இருத்திப் பார்க்கவைத்து, எழுதியவர்களிடமும் கேட்டுக் குறித்தார். பிறகு எல்லா முறைகளையும் அந்த ஒரே தட்டில் வைத்து நிறுத்தார். வந்ததில் எத்தனை சரி, வரவேண்டியதில் எத்தனை வந்தது, இந்த இரண்டும்தான் அளவு. பார்த்தால், கஷ்டப்பட்டுக் கட்டிய வகைப்பாடுகளைவிடக் கட்டுரையில் கிடந்த சாதாரணச் சொற்களை அப்படியே எடுத்துத் தேடியது நன்றாக வேலை செய்தது. அந்த முடிவு அவருக்கே ஆச்சரியம். அந்த 1,400 கட்டுரையும் 225 கேள்வியும் இன்றைக்கும் இணையத்தில் கிடக்கிறது, மாணவர்கள் எடுத்துப் பழகுகிறார்கள்.

அவள் சொன்ன மற்றவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ், கேம்பிரிட்ஜ்காரர். பல வருடம் நிரந்தரப் பதவி இல்லாமல், வருகிற ஆய்வு நிதியை நம்பியே வேலை செய்த பெண். 1972இல் ஒரு கட்டுரையில் அவர் சொன்னதை உங்கள் பத்திரிகையை வைத்தே சொல்லிவிடலாம். உங்கள் பத்திரிகையில் யாழ்ப்பாணம் என்ற சொல் எல்லாச் செய்தியிலும் இருக்கும். அதனால் தேடும்போது அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. பனாட்டு என்ற சொல் வருடத்தில் இரண்டு மூன்று செய்தியில் வந்தால் பெரிய விஷயம். ஆகவே 'யாழ்ப்பாணம் பனாட்டு' என்று ஒருவர் தேடினால் பனாட்டுக்குத்தான் பாரம் கூடக் கொடுக்கவேண்டும். இவ்வளவுதான். இதைக் கேட்டபோது, இது எங்கள் சந்தையில் மரக்கறி விற்கிற ஆச்சிக்கும் தெரியுமே என்று சொன்னேன். "தெரியும் பெரியப்பா, ஆனா அளந்து காட்டினது அவதான்" என்றாள். சரிதான்.

1992இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், மேரிலாந்தில் ட்ரெக் என்ற ஒன்றைத் தொடங்கியது. வழமையான மாநாடு போல ஆளாளுக்குத் தன் கட்டுரையை வாசித்துவிட்டுப் போவதல்ல. எல்லோருக்கும் ஒரே எழுத்துக் குவியலைக் கொடுப்பார்கள், ஒரே கேள்விகளைக் கொடுப்பார்கள், விடையைத் திருப்பி அனுப்பவேண்டும், எல்லாருடைய விடைகளின் முன்வரிசையையும் ஒன்றாகக் கொட்டி மனிதர்கள் இருந்து வாசித்து இது பொருந்தும் இது பொருந்தாது என்று திருத்துவார்கள். சோதனை மண்டபம் போல. முதல் வருடம் 25 குழுக்கள் வந்தன, கொடுத்த எழுத்து ஏறத்தாழ 2 கிகாபைட். இப்போது ஒரு கல்யாண வீட்டு வீடியோவுக்கே அது காணாது. அந்தக் குவியலில் வோல் ஸ்ரீற் ஜேர்னல் பத்திரிகையின் பழைய செய்திகளும் இருந்தன என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். அங்கே 1994இல் லண்டன் சிற்றி பல்கலைக்கழகத்தவர் காட்டிய பிஎம்25 என்ற, கிடைத்ததை வரிசைப்படுத்துகிற சூத்திரம் இன்றைக்கும் எத்தனையோ தேடல் மென்பொருள்களின் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2008இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தவர்கள் அதே வழியில் ஃபயர் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், எங்கள் பக்கத்து மொழிகளுக்காக. வங்காள மொழித் தொகுப்புக்கு எழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆனந்தபஜார் பத்திரிகாவின் செய்திகள். இந்திக்கு டைனிக் ஜாக்ரன். இரண்டும் பத்திரிகைகள், ஆசிரியர் அவர்களே. தமிழுக்கும் அங்கே இடம் வந்தது, ஆனால் அதிகம் பேசப்பட்டது 2020இல் நடந்த போட்டிதான். யூடியூப்பில் எங்கள் சனம் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிற கருத்துகளைப் பார்த்து, இது புகழ்ச்சியா ஏச்சா என்று கொம்பியூட்டர் பிரித்துச் சொல்லவேண்டும். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது தேடல் இல்லை. அன்ரிக்கு உதவாது.

2022இல் கனடாவின் வாட்டலூர் பல்கலைக்கழகத்தவர்கள் முன்னின்று மிராக்கிள் என்று ஒரு தேடல் தொகுப்பை வெளியிட்டார்கள். 18 மொழிகள். வங்காளம் இருக்கிறது, இந்தி இருக்கிறது, பக்கத்தில் தெலுங்கு இருக்கிறது, ஆபிரிக்காவின் சுவாகிலியும் யொருபாவும் இருக்கின்றன. தமிழ் இல்லை. வாட்டலூர் என்பது எங்கள் சனம் நிறைந்து வழிகிற ரொறன்ரோவிலிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கேட்கப் போனவர்கள் யார்?

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். பெறாமகள் தமிழ்த் தேடல் பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு அனுப்பினாள். மூன்று பேர் வாசித்துக் கருத்துச் சொன்னார்கள். ஒருவர், யோசனை நல்லது, ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்ட தமிழ்ச் சோதனைத் தொகுப்பில் அளந்து காட்டவில்லையே என்றார். இன்னொருவர், ஆங்கிலத்தில் செய்து காட்டுங்கள் என்றார். அவள் அன்றைக்குக் கடைக்கு வந்து பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். தொகுப்பு இல்லாததால் கட்டுரை எடுபடாது, கட்டுரை எடுபடாததால் தொகுப்புச் செய்ய நிதி வராது. செக்கு மாடு.

நல்ல இடத்தில் எடுபடாவிட்டால் பெடியள் எங்கே போகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும், நான்தானே லமினேற் செய்து கொடுக்கிறேன். மின்னஞ்சலில் 'மேன்மைதங்கிய பேராசிரியர் அவர்களுக்கு' என்று அழைப்பு வரும், இவனுக்கு வயது 24. ஏதோ ஒரு நாட்டில் ஒரு ஹோட்டலில் சர்வதேச மாநாடு, கட்டுரை அனுப்பி இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டோம் என்று பதில், பல நூறு டொலர் கட்டணம். தாயின் சங்கிலியை ஈடு வைத்துப் போய்வந்த ஒருவன் 'சிறந்த கட்டுரை' என்ற சான்றிதழைக் கொண்டுவந்தான். எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன். "பதினொரு பேர் அண்ணை, ஒராள் இதய சத்திரசிகிச்சை, ஒராள் இறால் வளர்ப்பு." அண்ணை என்ன சொல்ல? சான்றிதழுக்குக் காசு வாங்கவில்லை.

நல்ல இடங்களிலும் கோளாறு உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. 2009இல் மெல்பேர்ண் ஆய்வாளர்கள் பத்து வருடத்து தேடல் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கட்டுரையும் பழையதைவிட என்னுடையது இவ்வளவு திறம் என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் பத்து வருடத்தில் மேலே போன கோடு ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் ஒப்பிடுவதற்கு ஒரு நோஞ்சானைத் தேடிப் பிடித்திருந்தார்கள். வகுப்பில் எல்லோரும் முதலாம் பிள்ளை. ஆனால் இதைக் கண்டுபிடிக்க முடிந்ததே, அவர்கள் எல்லோரும் ஒரே பொதுத் தொகுப்பில் அளந்திருந்தபடியால்தான். எங்களிடம் அதுவும் இல்லை, அதனால் எங்கள் முதலாம் பிள்ளைகளை யாரும் கேள்வி கேட்கமுடியாது.

மாநாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1974 தை மாதம் நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் 9 பேர் செத்த ஊர் இது, முற்றவெளியில் நினைவுத்தூபி நிற்கிறது, மாநாடு என்ற சொல்லைப் பகிடியாகப் பேச என்னால் ஏலாது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு தொடங்கியது, 1999இல் சென்னையில் கூடிச் சண்டைபிடித்துத் தமிழ்99 விசைப்பலகையோடு எழும்பினார்கள். அதை நாங்கள் இங்கே பாவிக்கவில்லை என்பது வேறு கதை, ஆனால் கையில் பிடிக்க ஒரு சாமான் வந்தது. இங்கே மாநாடு முடிந்தால் கையில் மிஞ்சுவது ஒரு பை, ஒரு பேனை, ஒரு சாப்பாட்டுப் பார்சல் ரிக்கற்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த மாநாட்டுக் குழுவினரிடமும் கேட்கிறேன், உங்களிடமும் கேட்கிறேன். ஒரு தமிழ்த் தேடல் தொகுப்பை யாழ்ப்பாணத்தில் செய்வோம். உங்கள் பத்திரிகையின் பத்து வருடச் செய்திகளை, ஆய்வுக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, கொடுங்கள். பாமினியில் இருந்தால் இருக்கட்டும், யுனிகோட்டுக்கு மாற்றுகிற நிரல்கள் உண்டு, அதில் விடுகிற பிழையைப் பார்த்துத் திருத்த நானே வருகிறேன், செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம். கேள்விகள் 200 வேண்டும். மூன்று தேடல் முறைகளை ஓடவிட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கும் தருகிற முதல் 20 செய்திகளை எடுத்தால் கூடினது 12,000. ஒரே செய்தியை இரண்டு மூன்று முறையும் கொண்டுவரும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறையும். ஒன்றை வாசித்துச் சரி பிழை போட ஒரு நிமிடம் என்று வையுங்கள், 12,000 நிமிடம் என்பது 200 மணித்தியாலம். 20 பேர் இருந்தால் ஆளுக்குப் பத்து மணித்தியாலம், இரண்டு சனிக்கிழமை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நூலக உதவியாளர்கள், உயர்தரம் எழுதிவிட்டு மறுமொழி வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகள், இவர்கள் போதும். மதியச் சாப்பாடு கொடுக்கவேண்டும். பொன்னாடைக்கு வைத்த காசு அதற்குக் காணும்.

கிளெவர்டன் கேட்டது விமானவியல் கேள்விகள். எங்கள் கேள்விகளை நான் ஏற்கெனவே சேர்க்கத் தொடங்கிவிட்டேன். கடையில் ஒரு 80 பக்கக் கொப்பி இருக்கிறது. இணையத்தில் என்ன தேடி அகப்படவில்லை என்று வருகிறவர்களைக் கேட்டு, அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுகிறேன், திருத்துவதில்லை. 'பிறப்புப் பதிவில அப்பான்ர பேர் பிழை எங்க மாத்திறது.' 'கிணத்தில உவர் ஏறினா வெங்காயம் வைக்கலாமோ.' 'மெயில் ரெயின் கே.கே.எஸ்ஸில எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது பழைய காலம்.' 'சுன்னாகம் கிணறு ஓயில்.' இதுவரை 63.

அந்தச் சுன்னாகம் கேள்வியை ஒருநாள் பின்னேரம் சோதித்துப் பார்த்தோம். நான், பெறாமகள், பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர். கேட்டவர் ஓயில் என்றார், செய்திகளில் ஒன்றில் கழிவு எண்ணெய், ஒன்றில் கழிவெண்ணெய், ஒன்றில் நிலத்தடி நீர் மாசு. சொல்லை மட்டும் நம்பினால் ஒன்றும் பொருந்தாது. 20 செய்தியை அச்சடித்து மேசையில் பரப்பி ஆளுக்கு ஒரு பேனையோடு குறித்தோம். ஆறாவது செய்தியிலே சண்டை வந்தது. தண்ணீர் பவுசர் வரவில்லை என்று சனம் மறியல் செய்த செய்தி. ரீச்சர் பொருந்தும் என்றார், அந்தத் தண்ணீர் ஏன் பவுசரில் வந்தது, கிணறு பழுதானபடியால்தானே என்று. பெறாமகள் பொருந்தாது என்றாள், கேட்டவருக்கு வேண்டியது கிணற்றில் என்ன கலந்தது என்பது, மறியல் அல்ல. நான் அரை மதிப்பெண் போடலாமா என்று கேட்டு இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்கினேன். இப்படி ஆளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னால் முழக்கோல் எப்படி நேராக இருக்கும் என்று எனக்குப் பயம் வந்தது. இதையும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்களாம். 1998இல் நிஸ்டின் எல்லன் வோர்ஹீஸ் ஆளை மாற்றி ஆளை வைத்துத் திருத்தச் செய்து பார்த்தார். திருத்துகிறவர்கள் நன்றாகவே முரண்பட்டார்கள், ஆனால் எந்த முறை முந்தியது எது பிந்தியது என்ற வரிசை பெரிதாக மாறவில்லை. இதைக் கேட்ட பிறகு ரீச்சர், "அப்ப நான் சொன்னது சரி" என்றார்.

நூலகம் நிறுவனம் 2005இலிருந்து எங்கள் பழைய ஏடுகளையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திக்கொண்டு வருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த 97,000 நூலையும் இனி ஒருவராலும் தேட முடியாது. எரியாமல் மிஞ்சியதையும் ஸ்கான் செய்து பத்திரப்படுத்திவிட்டு, அன்ரி போல ஒருத்தர் வந்து கேட்டால் பக்கம் பக்கமாகப் புரட்டு என்று சொல்லுகிற நிலையில் அடுத்த பத்து வருடமும் இருக்கப்போகிறோமா என்பதுதான் எனக்குள்ள கேள்வி. அதை 64ஆவதாகக் கொப்பியில் எழுதினேன், பெறாமகள் இது தேடல் கேள்வி இல்லை என்று வெட்டிவிட்டாள்.

ஆகவே 64ஆம் இலக்கம் காலியாக இருக்கிறது. வாசகர்கள் யாராவது தேடிக் களைத்த கேள்வி இருந்தால் கடைக்கு வந்து எழுதலாம், கம்பஸ் பக்கம் பைண்டிங் கடை என்று கேட்டால் காட்டுவார்கள். ஞாயிறு பூட்டு.

இப்படிக்கு,
ரைப்செற்றிங் கடைக்காரன்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.

பி.கு.: இந்தக் கடிதத்தை யுனிகோட்டில் அடித்துத்தான் அனுப்புகிறேன். பக்கம் வைக்கும்போது உங்கள் ஆட்கள் இதைப் பாமினிக்கு மாற்றுவார்கள், தெரியும். மாற்றும்போது 'ஸ்ரீ'யை ஒருக்கால் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.